ஒரு சுவரும் இரண்டு வரிகளும்

பள்ளியின் மூலிகைத் தோட்டத்து முகப்பில் ஒரு குட்டைச் சுவர் எழுப்புவதென்று முடிவாயிற்று. செங்கல் வாங்கும் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொண்டது. சனிக்கிழமை கூட்டுப்பணி. அதற்குமுன் சுவரின் வரைபடத்தைக் கணினியில் வரைந்து, எத்தனை செங்கற்கள் வேண்டும் என்று கணக்கிட்டுத் தரும் பொறுப்பு படிவம் நான்கு மாணவி ஒருத்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. சுவரின் நீளம் 2700 மில்லிமீட்டர். உயரம் 450 மில்லிமீட்டர். வியாழக்கிழமை மாலைக்குள் கணக்கைக் கொடுத்தால்தான் வெள்ளிக்கிழமை செங்கல் வந்து சேரும்.

செவ்வாய்க்கிழமை இரவே அவள் வரைபடத்தை அச்சிட்டு வீட்டிற்குக் கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்தாள். அவளுடைய தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொத்தனாராக வேலை செய்தவர். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை உற்றுப் பார்த்தார்.

“அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தச் சுவர் நிற்காதும்மா,” என்றார்.

மாணவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏன் தாத்தா? அளவெல்லாம் சரிதானே?”

தாத்தா பதில் சொல்லவில்லை. பேரனின் விளையாட்டு மரக்கட்டைகளை எடுத்து வரச் சொன்னார். ஒரு கட்டையின்மேல் இன்னொரு கட்டையை நேராக அடுக்கி மூன்று தூண்களை ஒட்டி ஒட்டி வைத்தார். நடுத்தூணை விரலால் தள்ளினார். அது தனியாகச் சாய்ந்தது. பிறகு, மேல்வரிசைக் கட்டை ஒவ்வொன்றும் கீழே உள்ள இரண்டு கட்டைகளின்மேல் பாதிப் பாதியாக அமரும்படி அடுக்கினார். மறுபடியும் தள்ளினார். இம்முறை ஒரு கட்டையைத் தள்ளினால் பக்கத்துக் கட்டைகளும் அதைப் பிடித்துக்கொண்டன.

“ஒரு செங்கல் இரண்டு செங்கலின்மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் பாரம் பரவும். நீ வரைந்த படத்தில் இணைப்பெல்லாம் மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் இருக்கிறது. விரிசல் விட்டால் அந்தக் கோட்டிலேயே இறங்கிவிடும். இடைவேளையில் பிள்ளைகள் அந்தச் சுவர்மேல் உட்காராமல் இருப்பார்களா?” என்று கேட்டார்.

மாணவி படத்தை மீண்டும் பார்த்தாள். தாத்தா சொன்னது உண்மைதான். தவறு அவள் போட்ட கோடுகளில் இருந்தது. அந்தக் கோடுகளைக் கணினி போட்டது. கணினிக்குக் கட்டளை எழுதியவள் அவள்.

நிரப்புக் கோலம் என்றால் என்ன?

தொழில்நுட்ப வரைபடங்களில் ஒரு மூடிய பரப்பைச் சீரான கோடுகளால் நிரப்பிக் காட்டுவது வழக்கம். இதனை ஹேட்ச் என்பர். தமிழில் நிரப்புக் கோலம் எனலாம். கான்கிரீட், மரம், மண், செங்கல் என ஒவ்வொரு பொருளுக்கும் ஒருவகைக் கோலம் உண்டு. கோலத்தைப் பார்த்தவுடனே அந்த இடத்தில் எந்தப் பொருள் வரும் என்று கட்டுநர் புரிந்துகொள்வார்.

கணினி வருவதற்குமுன் வரைவாளர்கள் இக்கோடுகளை மூலைமட்டத்தையும் பென்சிலையும் கொண்டு ஒவ்வொன்றாக வரைந்தனர். இடைவெளி சற்றுப் பிசகினாலும் கண்ணுக்கு உறுத்தும். 1982ஆம் ஆண்டில் ஆட்டோகேட் போன்ற வரைவு மென்பொருள்கள் தனிநபர் கணினிக்கு வந்தபின் இவ்வேலை எளிதாயிற்று. பரப்பின் எல்லையைக் காட்டி, கோலத்தின் பெயரைச் சொன்னால் போதும், மென்பொருளே நிரப்பிவிடும்.

மென்பொருளுடன் பல கோலங்கள் ஆயத்தமாகவே வருகின்றன. ஆட்டோகேட்டில் செங்கல் கோலமும் உண்டு. அப்படியிருக்க மாணவி ஏன் சொந்தமாக ஒன்றை எழுதினாள்? அதற்குக் காரணம் இருந்தது. அந்த ஆயத்தக் கோலத்தில் செங்கலின் நீளம் அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு. பள்ளிக்கு வரவிருந்த செங்கலோ 215 மில்லிமீட்டர் நீளமும் 65 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. சாந்துக்காக 10 மில்லிமீட்டர் சேர்த்தால் 225, 75 என்றாகும். அதாவது, நீளம் உயரத்தைப்போல் மூன்று மடங்கு. ஆயத்தக் கோலத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் இரு மடங்கு மூன்று மடங்கு ஆகாது. படத்தில் உள்ள செங்கற்களை எண்ணிக் கணக்குச் சொல்ல வேண்டுமானால் கோலம் உண்மையான அளவில் இருக்க வேண்டும்.

ஒரு வரியில் ஐந்து எண்கள்

சொந்தக் கோலம் என்பது சாதாரண எழுத்துக் கோப்புதான். நோட்பேட் போன்ற எளிய செயலியிலேயே அதனை எழுதலாம். முதல் வரி உடுக்குறியுடன் தொடங்கும். அதனை ஒட்டிக் கோலத்தின் பெயரும், காற்புள்ளிக்குப்பின் சிறு விளக்கமும் வரும். அதற்குக் கீழே வரும் ஒவ்வொரு வரியும் ஒரு கோட்டுக் குடும்பத்தைக் குறிக்கும். ஒரே திசையில், ஒரே இடைவெளியில், முடிவின்றி நீளும் கோடுகளே ஒரு குடும்பம்.

அந்த வரியில் குறைந்தது ஐந்து எண்கள் இருக்கும். முதலாவது கோட்டின் கோணம். கிடைக்கோட்டுக்கு 0, செங்குத்துக் கோட்டுக்கு 90. இரண்டாவதும் மூன்றாவதும் முதல் கோடு தொடங்கும் புள்ளி. நான்காவது, அடுத்த கோடு தன் திசையிலேயே எவ்வளவு நகர்ந்து தொடங்க வேண்டும் என்பது. ஐந்தாவது, இரு கோடுகளுக்கு இடையில் உள்ள தூரம்.

கோடு விட்டுவிட்டு வர வேண்டுமானால் மேலும் சில எண்களைச் சேர்க்க வேண்டும். நேர்ம எண் என்றால் பேனா தாளைத் தொட்டு வரையும். எதிர்ம எண் என்றால் பேனா மேலே தூக்கப்படும். சுழியம் என்றால் ஒரு புள்ளி வைக்கும்.

இம்முறையில் நேர்க்கோடுகளை மட்டுமே வரைய முடியும். பாத்தேக் துணியில் உள்ளதுபோன்ற வளைவுகள் வேண்டுமானால் அவற்றைச் சிறு சிறு நேர்க்கோட்டுத் துண்டுகளாக உடைத்து எழுத வேண்டும். செங்கற்சுவருக்கு அந்தச் சிரமம் இல்லை. மாணவி முதலில் எழுதியவை இந்த இரண்டு வரிகள்:

0, 0,0, 0,75
90, 0,0, 0,225

முதல் வரி 75 மில்லிமீட்டருக்கு ஒரு கிடைக்கோட்டைப் போடும். இரண்டாம் வரி 225 மில்லிமீட்டருக்கு ஒரு செங்குத்துக் கோட்டைப் போடும். அந்தச் செங்குத்துக் கோடு எங்கும் நிற்காமல் மேலிருந்து கீழ்வரை ஓடும். தாத்தா கண்டுபிடித்த குறை இதுதான்.

தாத்தாவின் விதியை எண்ணாக மாற்ற வேண்டும். செங்குத்துக் கோடு ஒரு வரிசையில் 75 மில்லிமீட்டர் வர வேண்டும். அடுத்த வரிசையில் 75 மில்லிமீட்டர் மறைய வேண்டும். பக்கத்துக் கோடு பாதிச் செங்கல் தள்ளி, அதாவது 112.5 மில்லிமீட்டர் தூரத்தில், ஒரு வரிசை மேலே தொடங்க வேண்டும். அன்றிரவே அவள் புதிய கோப்பை எழுதி முடித்தாள். மறுநாள் பள்ளிக் கணினிக் கூடத்தில் அதைப் பயன்படுத்தினால் வேலை முடிந்தது என்று எண்ணினாள். ஆனால், அவள் நினைத்தபடி நடக்கவில்லை.

ஒன்றன்பின் ஒன்றாகப் பிழைகள்

முதலில், கோலத்தின் பெயரே பட்டியலில் வரவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆசிரியர் கோப்பின் முழுப்பெயரைக் காட்டும்படி அமைப்பை மாற்றச் சொன்னார். அப்போதுதான் உண்மை தெரிந்தது. கோலக் கோப்பின் பெயர் பி, ஏ, டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளில் முடிய வேண்டும். நோட்பேட் அதற்குப் பின்னால் தன் வழக்கமான பின்னொட்டையும் சேர்த்துவிட்டிருந்தது. அதுமட்டுமன்று, கோப்பின் பெயர் ஒன்றாகவும், உள்ளே உடுக்குறிக்குப்பின் இருந்த பெயர் வேறாகவும் இருந்தன. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கோப்பும் மென்பொருள் தேடும் கோப்புறைகளுள் ஒன்றில் இருக்க வேண்டும். இவற்றைத் திருத்தியதும் கோலம் பட்டியலில் தோன்றியது.

அவள் கோலத்தைச் சுவருக்குள் நிரப்பினாள். சுவர் வெறுமையாகவே இருந்தது. முந்தைய பயிற்சியின்போது அமைத்த அளவுப் பெருக்கம் 25 மாற்றப்படாமல் இருந்ததே காரணம். ஒரு செங்கலின் நீளம் 225 மில்லிமீட்டர். அதை 25ஆல் பெருக்கினால் 5625 மில்லிமீட்டர். உயரம் 1875 மில்லிமீட்டர். ஒரு செங்கல் சுவரைவிடப் பெரிதானால் கோடு எப்படித் தெரியும்? படமும் கோலமும் மில்லிமீட்டரில் இருப்பதால் பெருக்கம் 1 என்று இருந்தால் போதும். இதற்கு நேர்மாறாகப் பெருக்கம் மிகச் சிறிதாக இருந்தால், கோடுகள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டன என்று மென்பொருள் நிரப்ப மறுத்துவிடும்.

பெருக்கத்தை மாற்றியபின் கிடைக்கோடுகள் தோன்றின. செங்குத்துக் கோடுகளைக் காணவில்லை. இரண்டாம் வரியைப் பலமுறை சரிபார்த்தாள். காற்புள்ளிகூடத் தவறவில்லை. குறை அந்த வரியில் இல்லை. அந்த வரியின் முடிவில் இருந்தது. அவள் கடைசி எண்ணை அடித்தவுடன் கோப்பைச் சேமித்துவிட்டாள். இறுதி வரிக்குப்பின் என்டர் விசையை அழுத்தினால்தான் அந்த வரி முடிந்ததாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

விசையை அழுத்திச் சேமித்தாள். இப்போது செங்குத்துக் கோடுகளும் வந்தன. ஆனால், அவை படிக்கட்டுபோல் ஏறிக்கொண்டிருந்தன. சில கோடுகள் செங்கலின் நடுவிலேயே தொடங்கி அடுத்த வரிசைக்குள் நுழைந்தன. அவள் எழுதியிருந்த வரி இது:

90, 0,0, 112.5,75, 75,-75

“எண்கள் எல்லாம் சரிதானே ஐயா? பக்கவாட்டில் 112.5, மேல்நோக்கி 75,” என்றாள்.

ஆசிரியர் உடனே திருத்தித் தரவில்லை. “முதல் வரிக்கு முன்னால் ஓர் அரைப்புள்ளி வை. அந்த வரியை மென்பொருள் படிக்காது. செங்குத்துக் கோடுகளை மட்டும் தனியாகப் பார்,” என்றார்.

கிடைக்கோடுகள் மறைந்தன. எஞ்சிய கோடுகளின் தூரத்தை அவள் அளந்து பார்த்தாள். இரண்டு கோடுகளுக்கு இடையில் 75 மில்லிமீட்டர் இருந்தது. மேல்நோக்கிய நகர்வு 112.5 மில்லிமீட்டர். இரண்டும் இடம் மாறியிருந்தன.

“நான்காவது எண் எப்போதும் திரையின் குறுக்கே போகும் என்று நினைத்துவிட்டாய். அது கோடு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் போகும். செங்குத்துக் கோடு மேலே பார்க்கிறது. அதனால் நான்காவது எண்ணும் மேலேதான் போகும்,” என்று ஆசிரியர் விளக்கினார்.

மாணவி இரு எண்களையும் இடம் மாற்றினாள். அரைப்புள்ளியையும் நீக்கினாள்.

0, 0,0, 0,75
90, 0,0, 75,112.5, 75,-75

திரையில் செங்கற்சுவர் எழுந்தது. ஒவ்வொரு செங்கலும் இரண்டு செங்கலின்மேல் அமர்ந்திருந்தது.

கண்ணுக்குத் தெரியாத பிழை

வியாழக்கிழமை மதியம் அவள் படத்தில் இருந்த செங்கற்களை எண்ணினாள். 7 வரிசைகள், வரிசைக்கு 13 செங்கற்கள். மொத்தம் 91. அந்த எண்ணைத் தாளில் எழுதியவள் ஒரு கணம் தயங்கினாள். சுவரின் உயரம் 450. அதை 75ஆல் வகுத்தால் 6தானே வர வேண்டும்? ஏழாவது வரிசை எங்கிருந்து வந்தது?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அடி வரிசையில் செங்கலின் மெல்லிய கீற்று மட்டுமே இருந்தது. மேல் வரிசையும் வெட்டுப்பட்டிருந்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் துண்டுகள் நின்றன. கோலம் சுவரின் மூலையிலிருந்து தொடங்கவில்லை. வரைதளத்தின் சுழியப் புள்ளியிலிருந்து தொடங்கியிருந்தது. சுவரோ அந்தப் புள்ளிக்கு எட்ட வரையப்பட்டிருந்தது. அவள் கோலத்தின் தொடக்கப் புள்ளியைச் சுவரின் இடப்பக்க அடிமூலைக்கு மாற்றினாள்.

இப்போது 6 வரிசைகள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்றுவிட்ட மூன்று வரிசைகளில் 12 முழுச் செங்கற்கள். மற்ற மூன்றில் 11 முழுச் செங்கற்களும் இரு முனைகளிலும் அரைச் செங்கற்களும். எல்லாம் சேர்ந்து 72. முன்பு எண்ணியதைவிட 19 குறைவு. அந்த 19 செங்கற்களுக்கும் சங்கத்தின் பணம்தான் செலவாகியிருக்கும்.

இதுவரை அவள் சந்தித்த பிழைகள் இருவகைப்பட்டவை. கோலம் பட்டியலில் வராதது, சுவர் வெறுமையாக இருந்தது, கோடுகள் படிக்கட்டுபோல் ஏறியது ஆகியவை முதல் வகை. அவை தம்மைத் தாமே காட்டிக்கொடுத்தன. இரண்டாம் வகை வேறு. முதல் நாள் படத்தில் இணைப்புகள் ஒரே கோட்டில் இருந்ததை மென்பொருள் சுட்டிக்காட்டவில்லை. தொடக்கப் புள்ளி பிசகியிருந்ததையும் அது சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது வரியின் இலக்கணம் மட்டுமே. எழுதிய வரி நல்ல சுவரைக் குறிக்கிறதா என்று அதனால் சொல்ல முடியாது. அதைச் சுவர் கட்டியவர் ஒருவர் கண்டுபிடித்தார். மற்றொன்றை ஓர் எளிய வகுத்தல் கணக்குக் கண்டுபிடித்தது.

பிழை தேடும் முறையிலும் அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். புதன்கிழமை காலையில் கோலம் வராதபோது அவள் பதற்றத்தில் பெயர், எண், பெருக்கம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முனைந்தாள். அப்படி மாற்றியிருந்தால் எது பிழை என்று கடைசிவரை தெரிந்திருக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, என்ன நடக்கிறது என்று பார்த்து, குறித்துக்கொண்டபோதுதான் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது.

சனிக்கிழமை

அன்று மாலை புதிய படத்தைத் தாத்தாவிடம் காட்டினாள். அவர் விரலால் ஓர் இணைப்பைத் தொட்டார். அதற்கு மேலே முழுச் செங்கல் இருந்ததைப் பார்த்துத் தலையசைத்தார்.

“எழுபத்திரண்டு என்று எழுதாதே. உடைசலுக்கு ஐந்தாறு சேர்த்துக்கொள். அரைச் செங்கல் வெட்டும்போது எல்லாம் நேராக வெட்டுப்படாது,” என்றார். அவள் 78 என்று எழுதினாள். எண்களை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஆறு செங்கற்கள் படத்தில் எங்குமே தெரிந்திருக்கா.

சனிக்கிழமை காலை தாத்தாவும் தம் பழைய கரணையையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். மாணவர்கள் நூல் கட்டினர், சாந்து குழைத்தனர். நண்பகலுக்குள் ஆறு வரிசைகளும் எழுந்தன.

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்’ என்பது பழமொழி. இங்குச் சித்திரம் சரியாக இருந்ததால்தான் சுவர் எழுந்தது. மாணவி திங்கட்கிழமை கணினிக் கூடத்திற்குச் சென்று தன் கோலக் கோப்பை மீண்டும் திறந்தாள். அடுத்த ஆண்டு வேறு ஒருவர் அதைப் பயன்படுத்தக்கூடும். இரண்டு வரிகளுக்கும் மேலே ஓர் அரைப்புள்ளி வைத்து, மென்பொருள் படிக்காத ஒரு வரியைச் சேர்த்தாள்: ‘ஒரு செங்கல் இரண்டு செங்கலின்மேல் உட்கார வேண்டும்.’ பிறகு மறக்காமல் கடைசி வரியின் முடிவில் என்டர் விசை அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கோப்பைச் சேமித்தாள்.

கருத்துணர்தல்

1. மாணவியின் முதல் வரைபடத்தில் தாத்தா கண்ட குறை யாது? அதனை அவர் எவ்வாறு விளக்கினார்?

2. ஆயத்தமாக இருந்த செங்கல் கோலத்தை மாணவி பயன்படுத்தாததற்கான காரணத்தை எழுதுக.

3. செங்குத்துக் கோடுகள் படிக்கட்டுபோல் ஏறியது ஏன்? ஆசிரியர் நேரடியாகத் திருத்தித் தராமல் அரைப்புள்ளி வைக்கச் சொன்னதன் நோக்கம் என்ன?

4. ‘தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும் பிழைகள்’, ‘கண்ணுக்குத் தெரியாத பிழைகள்’ ஆகிய இரண்டிற்கும் உன் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

5. சாந்துடன் 400 மில்லிமீட்டர் நீளமும் 200 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட சிமெண்டுக் கல்லால் சுவர் எழுப்ப வேண்டும். அதற்கான கோலத்தின் இரு வரிகளையும் எழுதுக.